அத்தியாயம் 7: கோணை எடுத்தல் (சி.என்.சி. ராவுட்டரை அடியிலிருந்து மேலாகச் சரிபார்ப்பது)

இரட்டைப் பாளிக் கதவின் நடுவில் ஒரு தாமரை. பாதிப் பூ இடது பாளியில், மீதி வலது பாளியில். இரண்டையும் ஒரே கோப்பிலிருந்து, ஒரே மேசையில், ஒரே பிட்டால் வெட்டி நிலையில் மாட்டிப் பார்த்தால், நடுவில் இதழ்கள் சேராமல் அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கி நிற்கின்றன. வீட்டுக்காரருக்கு அது கண்ணில் படாமல் போகலாம். மூத்தாசாரி விரலை வைத்துத் தடவினால் போதும். "மக்களே, மெஷின் கோணையாட்டு ஓடுது, பாத்துக்கோ" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வது சரி. இந்த அத்தியாயம் அந்தக் கோணையை எங்கே தேடுவது, எந்த வரிசையில் எடுப்பது என்பதைப் பற்றியது.

நம் வட்டாரம் இது: நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை, எல்லை தாண்டினால் களியக்காவிளை, மார்த்தாண்டம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. மரவேலை அன்றும் இன்றும் இரண்டு பக்கமும் கலந்தே நடக்கிறது. பலா, அயனி, தேக்கு, மகோகனியோடு இப்போது எம்.டி.எஃப்., மல்டிவுட் பலகைகளும் சேர்ந்துகொண்டன. சிறு பட்டறைகளில் இருப்பது பெரும்பாலும் நாலுக்கு எட்டு அடி மேசை கொண்ட இயந்திரம், விற்பவர்கள் 1325 என்று எண் சொல்லிக் குறிக்கும் வகை. கோயம்புத்தூரில் வாங்கியதாக இருந்தால், பழுது பார்க்க ஆள் நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வர வேண்டும். வந்தவர் அரைநாளில் திரும்பிவிடுவார். ஆகவே மட்டம் பிடிக்கும் வேலையைப் பட்டறைக்காரரே கற்றுக்கொள்வதுதான் கட்டுப்படியாகும்.

முதலில் ஒரு விதி. இரும்பில் இருக்கும் கோணலைக் கணினியில் திருத்தக் கூடாது. கன்ட்ரோலரில் எண்ணை மாற்றுவது எளிது, இரண்டு நிமிட வேலை. அன்றைய வேலை ஒப்பேறிவிடும். ஆனால் மேசையின் வேறொரு மூலையில் வேறொரு பிழையாக அது முளைக்கும். திருத்தும் வரிசை இது: தரை, மேசைச் சட்டம், தண்டவாளம், கேன்ட்ரி, இசட் அச்சு, ஸ்பிண்டில், மேலே போட்ட பலகை, கடைசியாகக் கணினி. இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரும்.

பிழை இயந்திரத்தில்தானா?

ஸ்பானரை எடுக்கும் முன் மூன்று விஷயங்களைத் தள்ளிவிடுங்கள்.

ஒன்று, அளவு எழுதிய விதம். ஆசாரி அளவை அடி, அங்குலம், நூல் என்று சொல்கிறார். கோப்பு மில்லிமீட்டரில் இருக்கிறது. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.175 மி.மீ. மனக்கணக்கில் அதை 3 என்று போட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஆறு நூலுக்கு ஒரு மில்லிமீட்டர் காணாமல் போய்விடும். இந்த வட்டாரத்தில் இயந்திரத்தின் மேல் விழும் பழியில் ஒரு பகுதி உண்மையில் இந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு, ஸ்டெப் தவறுதல். வேலை தொடங்கும் முன், வீ-பிட்டின் முனை படும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். முழு வேலையும் முடிந்தபின் எக்ஸ் 0, ஒய் 0-க்கு வரச் சொல்லுங்கள். முனை அதே புள்ளியில் இறங்காவிட்டால் மோட்டார் இடையில் எங்கோ அடி தவறியிருக்கிறது. வேகம் கூடுதல், பிட் மழுங்கியது, சாயங்கால நேரத்து மின்னழுத்தக் குறைவு, எர்த் சரியில்லாதது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மட்டம் பிடித்து இதைத் தீர்க்க முடியாது.

மூன்று, பிட்டின் தடிமன். 100 மி.மீ. சதுரத் துண்டு ஒன்றை வெளிப்பக்கமாக வெட்டுங்கள். அதே அளவில் ஒரு குழியும் வெட்டுங்கள். இரண்டையும் காலிப்பரால் அளந்து பாருங்கள். துண்டு 100.1 என்றும் குழி 99.9 என்றும் வந்தால் இயந்திரத்தில் குறை இல்லை, 6 மி.மீ. என்று நீங்கள் நம்பிய பிட் 5.9 தான். சாணை பிடித்த பிட்டுகளில் இது சாதாரணம். துண்டும் குழியும் இரண்டுமே பெரிதாகவோ இரண்டுமே சிறிதாகவோ வந்தால்தான் அச்சின் கணக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

வேண்டிய சாமான்கள்

0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜ் ஒன்று, காந்த ஸ்டாண்டோடு. மிட்டுடோயோ நல்லது, பேக்கர் போதும். ஃபீலர் கேஜ் ஒரு கட்டு. பன்னிரண்டு அங்குல எஃகு மூலைமட்டம், ஃபிட்டர்கள் வைத்திருக்கும் வகை. ஆசாரியின் மரக்கைப்பிடி மட்டம் இதற்குப் பற்றாது. பத்து மி.மீ. தடிமனில் ஒன்றரை அடிச் சதுரக் கண்ணாடி, ஓரம் தேய்த்தது. தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பு ஒரு சுருள். பூவாறு, கொல்லங்கோடு பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும். நேரான ஒன்றரை அங்குல மரச்சட்டம், ஒன்பது அடி நீளம். உடைந்த 6 மி.மீ. பிட்டுகளின் தண்டுகள் நான்கு. அவற்றைத் தூக்கி எறியாதீர்கள், மட்டமாகத் தேய்த்த உருளை அவற்றைப்போல மலிவாக வேறெங்கும் கிடைக்காது.

டயல் கேஜைப் பிடித்துப் பழக்கமில்லையென்றால், தனுவச்சபுரம் அரசு ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள் யாரையாவது ஒரு நாள் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படித்தால் புரியாதது ஒரு மணி நேரம் கூட இருந்து பார்த்தால் புரிந்துவிடும்.

தரையும் மேசையும்

நம் பக்கத்துப் பட்டறைகள் பல, வயலை நிரத்தி எடுத்த மண்ணில் நிற்பவை. மேலே காங்கிரீட் போட்டிருந்தாலும் அடியில் மண் இறங்கும். இயந்திரம் இறக்கிய முதல் வருடத்தில் ஒரு கால் இறங்கிவிட்டால் மேசைச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கின சட்டத்தின் மேல் எதைச் சரிசெய்தாலும் நிலைக்காது.

கொத்தனார் பிடிக்கும் தண்ணீர்க் குழாயால் நாலு மூலையையும் ஒருமுறை பார்த்து, கால் போல்ட்டைத் திருகி ஏறத்தாழச் சமப்படுத்துங்கள். மேசை பூமிக்குக் கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் 2 மி.மீ. சாய்ந்திருந்தாலும் வெட்டு கெடாது. முறுக்கு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். முறுக்கைக் காட்டிக்கொடுக்கும் கருவி நரம்புதான்.

இரண்டு தண்டவாளங்களின் நாலு முனையிலும் ஒரே தடிமனுள்ள இரும்புத் துண்டுகளை வையுங்கள். கேன்ட்ரியை ஒரு கோடிக்குத் தள்ளிவிட்டு, மூலைக்கு மூலை இரண்டு நரம்புகளைக் குறுக்காக, ஒரே அளவு இறுக்கத்தில் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். மேல் நரம்பு கீழ் நரம்பை அழுத்தினாலும், இடையில் வெளிச்சம் தெரிந்தாலும் முறுக்கு இருக்கிறது. பிறகு மேலே இருப்பதைக் கீழாக மாற்றிக் கட்டி இன்னொரு முறை பாருங்கள். அழுத்துகிற பிழை முதல் முறை கண்ணில் படாது. மாற்றிக் கட்டும்போது இடைவெளியாக வெளியே வரும். நடுவில் 1 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு மூலை 2 மி.மீ. ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த மூலைக் காலைத் திருகுங்கள். திருகியதும் அளக்காதீர்கள். ஒரு இரவு விட்டுக் காலையில் பாருங்கள். கனமான சட்டம் உட்கார நேரம் எடுக்கும்.

தண்டவாளங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்பதற்குக் கை போதும். மின்சாரத்தை நிறுத்தி, பினியன் பற்களைத் தளர்த்தி, கேன்ட்ரியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்லத் தள்ளுங்கள். எங்காவது கனத்தால் அந்த இடத்தில் இடைவெளி மாறுகிறது. எப்போதும் ஒரு தண்டவாளத்தை மூலமாக வைத்துக்கொண்டு அதைத் தொடாமல், மற்றதன் போல்ட்டுகளைத் தளர்த்திக் கேன்ட்ரியையே அதன் மேல் ஓட்டி, ஓட்டிய இடத்தில் ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் தளர்த்தியவர் அந்த வாரம் முழுக்க வேலை எடுக்க முடியாது.

கேன்ட்ரியின் செங்கோணம்

தாமரை பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான். மேசைக்குக் குறுக்கே நின்று ஸ்பிண்டிலைச் சுமக்கும் கேன்ட்ரி, நீளவாட்டுக்குச் சரியான செங்கோணத்தில் இல்லை. வெட்டுகிற ஒவ்வொரு செவ்வகமும் சற்றே சரிந்த இணைகரமாக வருகிறது.

மூலைமட்டத்தை வைத்து இதைப் பார்க்க முடியாது. ஒரு அடி நீளத்தில் தெரியாத பிழை நாலு அடியில் தெரியும். மூலைவிட்டம்தான் வழி. மேசைப் பலகையில் எக்ஸ் 0, 1200; ஒய் 0, 2400 என்ற நாலு மூலையிலும் 6 மி.மீ. துளை ஒவ்வொன்று போடுங்கள். அவற்றில் பிட் தண்டுகளை நிறுத்துங்கள். ஆடினால் துளையைச் சற்று ஆழமாக்குங்கள்.

இனி டேப்பை எடுக்க வேண்டாம். டேப்பின் கொக்கி ஆடும், நாக்கு தொங்கும், கண் ஏமாறும். ஒன்பது அடிச் சட்டத்தை மூலைவிட்டத்தைவிடச் சற்றுக் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையில் தண்டைக் கவ்வுகிற மாதிரி ஒரு வெட்டு. மறுமுனையில் நீளமான ஒரு ஸ்க்ரூ. முன்பக்க இடது மூலையிலிருந்து பின்பக்க வலது மூலைக்குச் சட்டத்தை வைத்து, ஸ்க்ரூவின் நுனி மறுமுனைத் தண்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி திருகி நிறுத்துங்கள். அதே சட்டத்தை அப்படியே எடுத்து அடுத்த மூலைவிட்டத்தில் வையுங்கள். இடைவெளி இருந்தால் அதில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். நுழையவே இடமில்லாமல் சட்டம் முட்டினால், இரண்டாவதிலிருந்து தொடங்கி முதலாவதுக்கு வாருங்கள். கிடைப்பது இரண்டு மூலைவிட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம். அளவு எண்ணே தேவையில்லை. பழைய தச்சர்கள் அங்குல டேப் வரும் முன்னால் கோலையும் கம்பையும் வைத்துத்தான் பெரிய வீடுகளின் நாலுகட்டைச் சதுரம் பார்த்தார்கள். கேரளக் கணக்கில் 24 விரல் ஒரு கோல், இன்றைய அளவில் 72 சென்டிமீட்டர். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்த்தவருக்கு அந்தக் கம்புகளின் மேல் சந்தேகம் வராது.

இனிக் கணக்கு. வித்தியாசம் 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நமது செவ்வகத்தின் மூலைவிட்டம் 2683 மி.மீ. வித்தியாசத்தை மூலைவிட்டத்தால் பெருக்கி, ஒய் நீளத்தின் இரு மடங்கால், அதாவது 4800-ஆல் வகுத்தால் 1.12 மி.மீ. இது 1200 மி.மீ. அகலத்துக்கான கோணல். இரண்டடி அகலப் பாளிக்கு இதில் பாதி, 0.56 மி.மீ. தாமரை ஏறி இறங்கி நிற்பது இதனால்தான். கேன்ட்ரியின் இரு கால்களுக்கும் இடையே 1500 மி.மீ. இருந்தால், திருத்த வேண்டிய அளவு 1.12-ஐ 1500-ஆல் பெருக்கி 1200-ஆல் வகுத்தது: 1.40 மி.மீ.

எந்தப் பக்கத்தை? முன் இடதிலிருந்து பின் வலதுக்குப் போகும் மூலைவிட்டம் நீளமாக இருந்தால் வலது கால் ஒய் கூடும் பக்கமாக முந்தி நிற்கிறது. அதை ஒய் 0 பக்கமாக இழுக்க வேண்டும். மற்றது நீளமென்றால் இடது கால்.

திருத்துவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மோட்டார்களை நிறுத்தி, பினியனை விடுவித்தால் கேன்ட்ரி தன் இயல்பான நிலைக்கு வந்து நிற்கும். அந்த நிலையே கோணலாக இருந்தால் மோட்டாரால் வலிந்து நேராக்கி ஓட்டுவது தவறு. ஓடுகிற நேரமெல்லாம் கேன்ட்ரி வில்லைப்போலத் திமிறிக்கொண்டே இருக்கும். தண்டவாளத்துப் பிளாக்குகள் பக்கவாட்டில் தேயும். மின்சாரம் போய் வந்தால் பழைய கோணல் திரும்பி வந்து நிற்கும். முதலில் கேன்ட்ரிக் குறுக்குச் சட்டத்தைப் பக்கத் தட்டுகளோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, இயல்பு நிலையைச் செங்கோணத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு மில்லிமீட்டர் மிச்சம் இருந்தால் அதை மட்டும் மோட்டார் பக்கத்தில் எடுக்கலாம்.

பால் ஸ்க்ரூ இயந்திரத்தில் ஒரு பக்கக் கப்ளிங்கைத் தளர்த்தி ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் ஸ்க்ரூவில் 0.2 மி.மீ. என்பது ஏறத்தாழ 14 பாகை. ரேக் அண்டு பினியன் இயந்திரத்தில் பல்லை மாற்றிப் போட்டுத் திருத்த முடியாது, 1.5 மாட்யூல் சாய்பல் ரேக்கில் ஒரு பல் 5 மி.மீ. பினியனை அச்சில் பிடித்திருக்கும் பூட்டைத் தளர்த்தி, பல்லை ரேக்கிலேயே விட்டு, கேன்ட்ரியின் காலை மட்டும் நகர்த்தி மறுபடி பூட்ட வேண்டும். ஒரு கோடியில் இரண்டு தண்டவாளத்துக்கும் நிறுத்து போல்ட்டுகள் வைத்துக்கொண்டால் நல்லது. காலையில் இயந்திரத்தை முடுக்கும் முன் கேன்ட்ரியை இரண்டு போல்ட்டிலும் முட்டும்படி தள்ளி நிறுத்திவிட்டு மின்சாரம் கொடுத்தால் கோணல் ஒவ்வொரு நாளும் தானே கழிந்துவிடும். இரு பக்கத்துக்கும் தனித்தனி ஹோம் சென்சார் உள்ள கன்ட்ரோலரில் சென்சாரின் இடத்தை நகர்த்தி இதே வேலையை வாங்கலாம்.

புதிய துளைகள் போட்டு மறுபடி பாருங்கள். பழைய துளையில் அளந்தால் பழைய கோணல்தான் தெரியும். மூலைவிட்ட வித்தியாசம் 0.2 மி.மீ.-க்குள் வந்தால் மரவேலைக்கு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதற்குக் கீழே துரத்துவது வீண். அயனிப் பலகை ஒரு மழை இரவில் அதைவிட அதிகமாக அசையும்.

இசட் அச்சும் ஸ்பிண்டிலும்

இவை இரண்டும் வேறு வேறு பிழைகள். இசட் சரிந்திருந்தால் பிட் ஆழமாக இறங்க இறங்க இடம் விலகும். ஸ்பிண்டில் சரிந்திருந்தால் பரப்பைச் செதுக்கும்போது படிகளாக விழும். முதலில் இசட், பிறகு ஸ்பிண்டில்.

மேசைப் பலகையை மட்டம் என்று நம்பி டயலை அதன் மேல் ஓட்டுகிறவர்கள் பலர். பலகை எப்படி இருந்தால் என்ன, நமக்கு வேண்டியது இயந்திரம் ஓடும் தளம். கண்ணாடியை மேசை நடுவில் மூன்று சிறு துண்டுகளின் மேல் வையுங்கள். டயலை ஸ்பிண்டிலின் உடம்பில் பிடித்து, எக்ஸிலும் ஒய்யிலும் கண்ணாடிமேல் ஓட்டுங்கள். முள் அசையாத வரை துண்டுகளுக்கு அடியில் தகடு வைத்துக் கண்ணாடியை ஏற்றி இறக்குங்கள். முள் நின்றுவிட்டால் கண்ணாடி இயந்திரத்தின் தளத்துக்கு இணையாகிவிட்டது. இனி எல்லாவற்றையும் இந்தக் கண்ணாடியிலிருந்தே அளக்கலாம். கால்மணி நேரம் பிடிக்கும். அதைச் சேமிக்க நினைத்தால் பின்னால் ஒரு நாள் போகும்.

இப்போது மூலைமட்டத்தைக் கண்ணாடிமேல் நிறுத்தி, டயல் முனையை அதன் நிமிர்ந்த முகத்தில் தொடவிட்டு, இசட்டை 150 மி.மீ. ஏற்றி இறக்குங்கள். முன்பின்னாக ஒருமுறை, இடவலமாக ஒருமுறை. 0.05 மி.மீ.-க்கு மேல் முள் நகர்ந்தால் இசட் தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தித் திருத்த வேண்டும்.

ஸ்பிண்டிலுக்கு, பிட்டைக் கவ்வும் கோலெட்டில் வளைந்த கம்பி ஒன்றைப் பூட்டி அதன் நுனியில் டயலை மாட்டுங்கள். கம்பியின் வீச்சு 150 மி.மீ. இருந்தால் சுற்றும் வட்டம் 300 மி.மீ. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிளக்கைப் பிடுங்கியும் விட்டு, கையால் சுற்றுங்கள். முன், பின், இடம், வலம் என்று நாலு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

இடவல வித்தியாசம் எளிது: ஸ்பிண்டில் தட்டின் போல்ட்டுகளை அரைகுறையாகத் தளர்த்தி, ரப்பர் சுத்தியால் தட்டினால் திரும்பும். முன்பின் வித்தியாசத்துக்குத் தகடு வைக்க வேண்டும். 300 மி.மீ. வட்டத்தில் 0.1 மி.மீ. வித்தியாசம், தட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 100 மி.மீ. தூரம் என்றால் வேண்டிய தகடு 0.033 மி.மீ. காகிதம் வைக்காதீர்கள், அது நாளடைவில் அமுங்கும். கடையில் பித்தளை ஷிம் தகடு கிடைக்கும். அவசரத்துக்குச் சமையலறை அலுமினியத் தாளை மடித்து வைக்கலாம். ஷேவிங் பிளேடு 0.1 மி.மீ.; பெரிய சாய்வுக்கு அது உதவும்.

எவ்வளவு போதும்? 300 மி.மீ. வட்டத்தில் 0.1 மி.மீ. மிச்சமிருந்தால், 25 மி.மீ. பிட்டின் அகலத்தில் அது 0.008 மி.மீ. தான். விரல் நகத்துக்கும் தட்டாது. நான் 0.05-இல் நிறுத்திவிடச் சொல்வேன். முள் பூஜ்யத்தில் நிற்கும்வரை விடமாட்டேன் என்பவர்கள் பெரும்பாலும் கடைசியில் போல்ட்டை இறுக்கும்போது மறுபடி 0.05 போய்விடுவதைப் பார்த்து அலுத்துப்போவார்கள்.

இவ்வளவும் முடிந்தபிறகுதான் மேசைப் பலகையைச் சர்ஃபேசிங் பிட்டால் சீவ வேண்டும். ஒரு தடவைக்கு 0.3 முதல் 0.5 மி.மீ. ஆழம், பாதிக்குப் பாதி மேலேறி வரும்படி ஓட்டம். ஒய் திசையில் ஓட்டிச் சீவிய பிறகு கையை எக்ஸ் வாட்டில் தடவிப் பாருங்கள். கூரையில் ஓடு அடுக்கினாற்போல ஒரே பக்கமாகப் படி தட்டினால் இடவலச் சாய்வு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டமும் நடுவில் குழிந்து விளிம்பில் வரம்பு விட்டிருந்தால் முன்பின் சாய்வு.

கடைசியாகக் கணினி

இப்போது மட்டும் கன்ட்ரோலரைத் திறக்கலாம். பால் ஸ்க்ரூவுக்கு அளவைப் பெரிதாக மாற்ற வேண்டிய தேவை வராது: ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ், 5 மி.மீ. நகர்வு என்றால் மில்லிமீட்டருக்கு 320. இதிலிருந்து அதிகம் விலக வேண்டியிருந்தால் கப்ளிங் நழுவுகிறது, அதைப் பாருங்கள். ரேக்கில் பினியனின் உண்மை அளவைப் பொறுத்துச் சிறு திருத்தம் நியாயம். 20 பல், 5-க்கு 1 கியர், 1600 பல்ஸ் என்றால் மில்லிமீட்டருக்கு 80. 1000 மி.மீ. போகச் சொல்லி 998.6 போனால், 80-ஐ 1000-ஆல் பெருக்கி 998.6-ஆல் வகுத்து 80.112 என்று கொடுங்கள். நீளம் கூடக் கூட அளவுப் பிழை குறையும். 100 மி.மீ. துண்டை அளந்து ஸ்டெப்பை மாற்றுவது பெரிய தப்பு; அங்கே பிட்டின் தடிமன்தான் கணக்கில் ஏறும்.

200 மி.மீ. வட்டம் ஒன்று வெட்டிப் பாருங்கள். நாலு திசை முனைகளிலும் சின்னப் படி தெரிந்தால் அது பேக்லாஷ், திசை மாறும்போது வரும் தளர்வு. பினியனை ரேக்கோடு அழுத்தும் ஸ்பிரிங்கையோ பால் நட்டையோ பார்க்க வேண்டும். வட்டம் மூலைவாட்டில் நீண்டிருந்தால் செங்கோணம் இன்னும் சரியாகவில்லை. மேக் 3 மென்பொருளில் பேக்லாஷைக் கணினியாலேயே ஈடுகட்டும் வசதி உண்டு. ராவுட்டருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்: மரத்தில் வெட்டும் விசை பிட்டைத் தளர்ந்த பக்கம் எப்போது இழுக்கும் என்று கணினிக்குத் தெரியாது.

கோலெட்டை மறந்துவிடுகிறார்கள். ரப்பர் மரத் தூளும் எம்.டி.எஃப். மாவும் அதன் பிளவில் இறுகிப்போனால் பிட் ஆடும். எவ்வளவு மட்டம் பிடித்தாலும் வெட்டு அகலமாகவே வரும். வாரம் ஒருமுறை கழற்றிப் பித்தளைப் பிரஷால் துடையுங்கள். கோலெட்டை முதலில் நட்டில் கிளிக் என்று பொருத்திவிட்டுத்தான் ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். தேய்ந்த கோலெட்டைச் சீராக்க வழியில்லை. புதிது வாங்குங்கள்.

மழையும் வெயிலும்

நம் ஊரில் ஜூனில் இடவப்பாதியும் அக்டோபரில் துலாவர்ஷமும் என்று இரண்டு மழை. வேறு ஊர்க்காரர்கள் எழுதிய கையேடுகளில் வருடத்துக்கு ஒருமுறை மேசைப் பலகையைச் சீவினால் போதும் என்றிருக்கும். இங்கே இரண்டு மழைக்கும் பின் ஒவ்வொரு முறை வேண்டும். எம்.டி.எஃப். ஈரத்தைக் குடித்து ஓரங்களில் ஊதும். அதன் விளிம்புகளுக்குச் சீலர் அடித்துவிட்டால் ஊதுவது குறையும். வேக்யூம் மேசையானால் மேலும் கீழும் அடிக்கக் கூடாது, காற்று போகாது.

தகரக் கூரைக்கு அடியில் மார்ச், ஏப்ரல் மதியங்களில் காலையைவிடப் பத்து டிகிரி ஏறுவது புதிதல்ல. இரண்டரை மீட்டர் எஃகு ரேக் பத்து டிகிரிக்கு 0.3 மி.மீ. நீளும். அலுமினியக் கேன்ட்ரி இதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் விரியும். மல்டிவுட் போன்ற பி.வி.சி. பலகை எஃகைவிடப் பல மடங்கு. ஆகவே மட்டம் பார்ப்பதும் அளவு பார்ப்பதும் காலையில், இயந்திரம் கால்மணி நேரம் சும்மா ஓடிச் சூடான பிறகு, எப்போதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். ஜோடிக் கதவுப் பாளிகளில் ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியத்திலும் வெட்டாதீர்கள். அடுத்தடுத்து வெட்டுங்கள்.

இயந்திரத்தின் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டி, தேதி போட்டு நாலு எண்களை எழுதுங்கள்: நரம்பு இடைவெளி, மூலைவிட்ட வித்தியாசம், ஸ்பிண்டிலின் முன்பின், ஸ்பிண்டிலின் இடவலம். இரண்டு மழைக்குப் பின்னும், இயந்திரத்தை இடம் மாற்றினாலும், ஸ்பிண்டில் எங்காவது முட்டினாலும் மறுபடி எடுத்து எழுதுங்கள். சர்வீஸ்காரரைக் கூப்பிட நேர்ந்தால் "வெட்டு சரியில்லை" என்று சொல்லாமல் இந்த எண்களைப் போனில் வாசித்துக் காட்டுங்கள். வர வேண்டுமா, வந்தால் எந்த உதிரி பாகத்தோடு வர வேண்டும் என்பதை அவர் கோயம்புத்தூரிலேயே முடிவு செய்துகொள்வார்.